சாதுவனும் நக்கவாரமும்: இயற்கை கடந்த கதையில் மன வளர்ச்சி – ஒரு மறுப்புரை

முன்னுரை

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையைப் பற்றித் தமிழ்த் திறனாய்வுலகில் நெடுங்காலமாக நிலவிவரும் குறை ஒன்று உண்டு. வான்வழிச் செல்லுதல், உரு மாறுதல், பழம்பிறப்பு உணர்தல், தெய்வம் தோன்றி வழிகாட்டுதல் முதலிய இயற்கை கடந்த நிகழ்ச்சிகள் அக்காப்பியத்தில் மிகுதி. ஆதலின் அதன் மாந்தர் தாமே உணர்ந்து வளர்வதில்லை. தெய்வங்களும் அறவுரைகளும் இழுத்த இழுப்பிற்கு ஆடும் பாவைகளாகவே நிற்கின்றனர் என்பது அக்குறை. வகுப்பறைகளில் இக்கருத்து ஆய்ந்து கண்ட முடிபு போலவே கற்பிக்கப்படுகிறது. மாணவரும் அதனை எழுதி மதிப்பெண் பெறுகின்றனர்.

இக்கட்டுரை அதனை மறுக்கிறது. மறுப்பிற்குக் களமாக முப்பது காதைகளுள் பதினாறாவதாகிய ஆதிரை பிச்சையிட்ட காதையையும், அதில் வரும் சாதுவன் என்னும் வணிகனையும் எடுத்துக்கொள்கிறது. அறிஞர் சிலர் இன்றைய நிக்கோபார்த் தீவுகளோடு இணைத்துக் கூறும் நிலப்பகுதியில் அவன் கதை நிகழ்கிறது. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் தமிழர் பலர் வாழ்ந்துவரும் இக்காலத்தில், அக்கதையை எவ்வாறு படிக்கிறோம் என்பது இலக்கியச் சுவை பற்றிய வினா மட்டுமன்று. அத்தீவுகளின் தொல்குடி மக்களை எவ்வாறு நோக்குகிறோம் என்பதும் அதனுள் அடங்கியுள்ளது.

இருவகைப் புறக்கணிப்பு

சாதுவன் கதையை நம் ஆய்வாளர் இருவகையாகப் புறக்கணித்துள்ளனர். கதையை அறவே தொடாது விடுவது ஒருவகை என்றால் அது பொறுக்கத்தக்கது. தொட்டும் காணாது விடுவதே இங்கு நிகழ்ந்துள்ளது.

முதல் வகையினர் இடம் தேடுவோர். சாதுவன் ஒதுங்கிய மலையில் வாழ்ந்தோரை நக்க சாரணர் நாகர் எனக் காப்பியம் குறிக்கிறது. நக்கம் என்பது ஆடையின்மை. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, பொ.ஆ. 1025ஐ ஒட்டிய கடாரப் படையெடுப்பில் அவன் கொண்ட இடங்களுள் ஒன்றாக மாநக்கவாரத்தைக் கூறுகிறது. இவ்விரண்டையும் இணைத்து, நாகர் மலை நிக்கோபாரே என்பார் உளர். வேறு இடங்களைச் சுட்டுவாரும் உளர். பெயரொற்றுமை கருதத்தக்கதே, ஆனால் அது இடத்தை உறுதிசெய்யப் போதுமானதன்று. இக்கட்டுரையின் குறை வேறு. இடம் கண்டுவிட்டோம் என்று நிலப்படத்தில் புள்ளி வைத்ததும் இவ்வாய்வு முடிந்துவிடுகிறது. அப்புள்ளியில் ஒரு மனிதன் மாறினான் என்ற செய்தி ஆய்வுக்குள் வருவதேயில்லை.

இரண்டாம் வகையினர் அறவுரை தேடுவோர். சாதுவன் நாகர் தலைவனுக்குக் கூறும் மறுபிறப்பு விளக்கத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பௌத்தக் கோட்பாட்டுப் பட்டியலில் சேர்ப்பர். சூதாடிப் பொருளிழந்தவன் திடீரென அறம் உரைப்பது பாத்திரப் பொருத்தமற்றது. புலவர் தம் சமயத்தை அவன் வாயில் வைத்துப் பேசுகிறார் என்று முடிப்பர். இவர்தம் முடிபு பிழையானது என்பதைக் காதையின் நிகழ்ச்சி வரிசையே காட்டும்.

கணிகை மனையும் கடற்கரை மரநிழலும்

சாதுவன் காவிரிப்பூம்பட்டினத்து வணிகன். கற்பிற் சிறந்த ஆதிரையைப் பிரிந்து கணிகை ஒருத்தியிடம் தங்குகிறான். வட்டாட்டத்திலும் சூதாட்டத்திலும் செல்வம் முழுதும் தொலைகிறது. காசில்லாதவன் என்று கண்டதும் அக்கணிகை அவனைக் கைவிடுகிறாள். பின்னரே அவன் வணிகரோடு வங்கம் ஏறுகிறான். நள்ளிரவில் புயலால் கலம் உடைகிறது. முறிந்த மரத்துண்டைப் பற்றி மிதந்த அவனை அலைகள் நாகர் மலைப்பக்கம் சேர்க்கின்றன.

கரையேறிய சாதுவன் களைப்பால் ஒரு மரநிழலில் உறங்குகிறான். அவனைக் காணும் நாகர், தனியே வந்த இவன் உடல் நமக்கு உணவாகும் என்று எண்ணி எழுப்புகின்றனர். இவ்விரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்துக் காண்க. கணிகை அவனிடம் கண்டது காசு. காசு தீர்ந்ததும் அவன் அவளுக்கு ஒன்றுமில்லாதவன் ஆயினான். நாகர் அவனிடம் கண்டது ஊன். ஈரிடத்தும் அவன் பிறர் நுகரும் பொருளாகவே நிற்கிறான். நகரத்து மனையில் அவனை மீட்க எதுவும் இல்லை. தீவில் மீட்டது மொழி. நாகரின் மொழியை அவன் முன்பே ஐயமறக் கற்றிருந்தான். அம்மொழியிற் பேசியவுடன் அவர்கள் கொல்லும் எண்ணம் விட்டு வணங்கித் தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர்.

மணிமேகலைக்குத் தெய்வம் மூன்று மந்திரங்களை அருளியது. வேற்றுரு எய்தவும், வானில் இயங்கவும், பசியைப் போக்கவும் அவை உதவின. சாதுவனுக்கு எத்தெய்வமும் எதனையும் அருளவில்லை. அவனிடம் இருந்தது வணிகத்திற்காகக் கற்ற ஒரு மொழி மட்டுமே. இயற்கை கடந்த நிகழ்ச்சிகளால் நிரம்பிய ஒரு காப்பியத்தில், ஒரு மனிதன் மாறும் இடத்தில் மட்டும் புலவர் அத்தகைய நிகழ்ச்சி எதனையும் வைக்கவில்லை. மாந்தரைப் பாவைகளாக ஆட்டுவதே புலவரின் நோக்கம் எனில், இங்கும் ஒரு தெய்வத்தை இறக்கியிருக்கலாம் அன்றோ?

தலைவனின் வினா

கள் காய்ச்சும் பானையும், முடை நாற்றமும், உலரும் வெள்ளெலும்பும் நிறைந்த இருக்கையில், துணையோடிருக்கும் கரடி போல் நாகர் தலைவன் அமர்ந்திருக்கிறான். சாதுவனின் துன்பத்தைக் கேட்டு அவன் இரங்குகிறான். இளம்பெண் ஒருத்தியையும், வேண்டும் அளவு கள்ளும் ஊனும் இவனுக்குக் கொடுங்கள் என்கிறான். அவன் அறிந்த விருந்தோம்பல் அது. சாதுவன் அதிர்ந்து மறுக்கிறான். தலைவன் சினந்து, பெண்டிரும் உணவும் அன்றி மாந்தர்க்கு உலகில் வேறு பயன் உண்டோ, உண்டெனில் காட்டு என வினவுகிறான்.

சமயவுரையைப் பிரித்தெடுப்போர் காணத் தவறியது இவ்வினாவைத்தான். இது நாகர் தலைவனின் வினா மட்டுமா? காவிரிப்பூம்பட்டினத்தில் சாதுவன் வாழ்ந்த வாழ்க்கையின் கொள்கையும் இதுவே. மனைவியை விட்டுக் கணிகையிடம் சென்ற நாள்களில் இவ்வினாவை அவனிடம் எவரேனும் கேட்டிருந்தால், வேறு பயன் இல்லை என்றே அவன் ஒழுக்கம் விடை கூறியிருக்கும். அவன் தன் பழைய வாழ்வையே அயலான் ஒருவன் வாயிலாக, வேற்றுமொழியில் கேட்கிறான். ஆதலின் அவன் கூறும் விடை தலைவனுக்கு மட்டும் உரியதன்று, தனக்கும் உரியது. முன்பு எவற்றால் கெட்டானோ அவற்றின் இனமே இங்கு விலையின்றி முன்வைக்கப்படுகிறது. மறுத்தால் உயிர்க்கே கேடு நேரலாம். அந்நிலையிலும் அவன் மறுக்கிறான்.

பாத்திரப் பொருத்தம் இல்லை என்போர் இதற்கு விடை கூறுதல் வேண்டும். சூதாடி ஒருவன் அறம் உரைப்பது பொருத்தமற்றது என்றால், வீழ்ந்தவன் எழுவது எப்பொழுதும் பொருத்தமற்றதே ஆகும். இலக்கியத்தில் மன வளர்ச்சி என்ற பேச்சுக்கே இடம் இராது. சாதுவன் ஆதிரையிடம் மன்னிப்பு வேண்டியதாகக் காப்பியம் கூறவில்லை என்பது உண்மை. கழிவிரக்கப் புலம்பல் ஒன்றைக் கேட்டாலன்றி மாற்றத்தை நம்ப மறுப்பது நாடக மேடை வளர்த்த பழக்கம். சாத்தனார் மாற்றத்தைப் புலம்பலில் காட்டாது மறுப்பிலும் செயலிலும் காட்டுகிறார்.

இயலும் அறம்

சாதுவனின் வளர்ச்சி மறுப்போடு முடியவில்லை. உயிர் உடலை விட்டு வேறிடம் செல்லும் என்று அவன் கூறியதைக் கேட்டுத் தலைவன் நகைக்கிறான். நகைப்பைக் கண்டு சாதுவன் சினவாது, உயிர் நீங்கிய உடலை வெட்டினும் சுடினும் அது உணராமையையும், கனவில் உடல் கிடக்க உயிர் தொலைவு சென்று வருவதையும் எடுத்துக்காட்டுகிறான். இரண்டும் தலைவன் தன் வாழ்வில் கண்டறிந்தவை. நூல் மேற்கோள் எதுவும் அவனிடம் பயன்படாது என்பதைச் சாதுவன் உணர்ந்திருக்கிறான்.

அடுத்து நிகழ்வதே காதையின் உச்சம். தலைவன் அவன் அடியில் வீழ்ந்து, கள்ளும் ஊனும் விட்டால் உயிர் தாங்க இயலாது, எமக்குப் பொருந்தும் அறத்தைக் கூறு என வேண்டுகிறான். அறவுரைப் பாவை என்று கூறப்படும் சாதுவன் இங்கு என்ன செய்திருக்க வேண்டும்? கொல்லாமையையும் கள்ளுண்ணாமையையும் மீண்டும் முழங்கியிருக்க வேண்டும். அவனோ, நன்று சொன்னாய் எனப் பாராட்டி, கலம் உடைந்து உயிரோடு வருவோரைக் கொல்லாது காப்பாற்றுங்கள். மூத்துத் தாமே இறக்கும் விலங்கின் ஊனையன்றிப் பிற உயிரைக் கொல்லாது விடுங்கள் என்கிறான். கள்ளைப் பற்றி மேலும் வற்புறுத்தவில்லை. ஊனையும் முற்றாக விலக்கவில்லை. தன் கொள்கையின் முழு அளவைக் கேட்பவனின் வாழ்க்கைக்கு ஏற்பச் சுருக்கிக்கொள்கிறான்.

கோட்பாட்டுப் பட்டியலில் அடங்காத பகுதி இது. அளவின்றிச் செலவிட்டுக் கெட்ட ஒருவன், பிறன் நிலையறிந்து அளவு வகுக்கக் கற்றுக்கொண்டான். அவன் முதலிற் கேட்ட அறம், தான் பெற்ற பேற்றை அடுத்துக் கரையொதுங்குவோனும் பெறவேண்டும் என்பது. தன் துன்பத்தினின்று பிறன் துன்பத்தை எண்ணும் இவ்வுணர்ச்சியை மன வளர்ச்சி என்னாது வேறு எவ்வாறு பெயரிடுவது?

அசரீரி சொன்னதும் சொல்லாததும்

இக்காதையில் இயற்கை கடந்த நிகழ்ச்சி இல்லாமல் இல்லை. அது ஆதிரையின் பக்கம் நிகழ்கிறது. கணவன் இறந்தான் என்று தப்பி வந்தோர் கூறக் கேட்ட ஆதிரை தீப்புகுகிறாள். தீ அவள் உடலையும் ஆடையையும் மாலையையும் தீண்டவில்லை. தீயும் கொல்லாத தீவினையாட்டி ஆனேனே என்று அவள் ஏங்கும்போது உருவமற்ற குரல் ஒன்று எழுகிறது. சாதுவன் நாகர் மலை சேர்ந்தான், நெடுங்காலம் அங்கிரான், சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்தில் வருவான் என்று அது அறிவிக்கிறது.

அக்குரல் கூறியது செய்தி மட்டுமே. வருபவன் எத்தகையவனாக வருவான் என்பதை அது கூறவில்லை. பழைய சூதாடியே திரும்பினும் அச்சொல் பொய்யாகியிராது. கணவன் வரும்வரை அவள் எவ்வாறு வாழவேண்டும் என்றும் அக்குரல் கட்டளையிடவில்லை. பொய்கையில் நீராடி வருபவள் போல் துயர் நீங்கி இல்லம் மீண்ட ஆதிரை, அறஞ்செய்து வாழ்வதைத் தானே தேர்ந்துகொள்கிறாள். ஆணுக்கு உரையாடலையும் பெண்ணுக்குத் தீயையும் அளித்தது ஏன் என்று இன்றைய வாசகர் சாத்தனாரைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆயினும் அத்தீ அவளை ஏற்கவில்லை என்பதும், இறக்கச் சென்றவள் ஈபவளாக மீண்டாள் என்பதும் கருதத்தக்கன. மணிமேகலையின் அமுதசுரபியில் முதற்பிச்சை இடுபவள் அவளே.

இக்கதையை மணிமேகலைக்குக் கூறுபவள் யானைத்தீ என்னும் தீராப்பசியால் வருந்தும் விஞ்சையர் மகள் காயசண்டிகை. உணவன்றி வேறு பயன் உண்டோ என்று கேட்கும் தலைவனின் வினாவை, உண்டும் பசி தீராத ஒருத்தி எடுத்துரைக்கிறாள். பசி போக்கும் பாத்திரத்தை ஏந்தியவள் கேட்கிறாள். அமைப்பிலேயே இத்துணைப் பொருள் செறிந்த ஒரு காதையைப் பாவைக்கூத்து என்பது படித்தறியாமையின் விளைவு.

சப்பானியத் தொடர் தரும் ஒப்புமை

இன்றைய மாணவர் பலர் சப்பானிய அனிமே தொடர்களை ஆர்வத்தோடு காண்கின்றனர். யூக்கி மிதொரிகாவாவின் படக்கதையைத் தழுவி 2008 முதல் பல பருவங்களாக வெளிவந்துள்ள நட்சுமே யூஜின்ச்சோ அவற்றுள் ஒன்று. பிறர் கண்ணுக்குப் புலனாகாத யோக்காய் என்னும் ஆவியுருக்களைக் காணும் இளைஞன் நட்சுமே. பெற்றோரை இழந்து உறவினர் வீடுகளில் மாறிமாறி வளர்ந்தவன். தான் காண்பதைச் சொன்னால் பொய்யன் என்பர் என்று அஞ்சி மனத்தை மூடிக்கொண்டவன். ஆவியுருக்களைத் தோற்கடித்து அவற்றின் பெயர்களைத் தன் பாட்டி ரெய்கோ எழுதிவைத்த ஏடு அவனிடம் வருகிறது. அவன் அவ்வேட்டை ஆளும் கருவியாகக் கொள்ளாது, பெயர்களை ஒவ்வொன்றாக உரியவரிடம் திருப்பிக் கொடுக்கிறான். அவ்வாறு கொடுக்குந்தோறும் பிறர் தனிமையை அறிந்து, தன்னை வளர்க்கும் ஃபுஜிவாரா இணையரிடம் அன்பு காட்டக் கற்கிறான்.

இத்தொடரில் ஆவிகள் மிகுதியாதலின் நட்சுமேயிடம் மன வளர்ச்சி இல்லை என்று எந்த மாணவரும் கூறுவதில்லை. ஆவிகள் வளர்ச்சிக்கு வாயில் என்பதையும், வளர்ச்சி அவன் பேசும் சொற்களிலும் பேசாது அடக்கும் சொற்களிலும் நிகழ்கிறது என்பதையும் அவர்கள் எளிதில் உணர்கின்றனர். அதே மாணவர், மணிமேகலை பற்றிய வினாவிற்கு, இயற்கை கடந்த நிகழ்ச்சிகளால் பாத்திர வளர்ச்சி குன்றியது என எழுதுகின்றனர். குறை மாணவரிடம் இல்லை. தொலைவில் உள்ள கதைக்கு வழங்கும் கண்ணைத் தம் காப்பியத்திற்கு வழங்கலாகாது என்று அவர்களுக்குக் கற்பித்தோரிடம் உள்ளது.

பெயரும் பழியும்

பெயரைத் திருப்பிக் கொடுத்தல் என்னும் அக்கருத்து நம் தீவுகளுக்கும் பொருந்தும். சாத்தனாரின் நாகர்க்குத் தனிப்பெயர் இல்லை. ஆடையின்மையே அவர்க்கு அடையாளம். தலைவனுக்கும் பெயரில்லை. இன்று சாரவா எனப்படும் அந்தமான் மக்கள் தம்மை ஆங் என்றே கூறிக்கொள்கின்றனர். சாரவா என்பது அண்டைக் குழுவினரின் மொழியில் அயலாரைக் குறித்த சொல். பெயர் வைப்பவன் ஒருவன், சுமப்பவன் வேறொருவன் என்னும் நிலை அத்தீவுகளில் பழையது.

நரமாமிசப் பழியும் அத்தகையதே. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அக்கடல் வழிச் சென்ற மார்க்கோ போலோவின் பயண நூல், அந்தமானியரை நாய்த்தலையர் என்றும் அயலாரைத் தின்போர் என்றும் கூறியது. அந்தமானில் நெடுங்காலம் பணியாற்றி அம்மக்களை நேரில் ஆய்ந்த ஈ. எச். மேன், அப்பழிக்கு அடிப்படை இல்லை எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மறுத்தார். ஆகவே இக்காதையைத் தீவு மக்களைப் பற்றிய வரலாற்றுச் சான்றாகக் கொள்வது தவறு. கடலோடிகளின் அச்சம் கட்டிய கதையைப் புலவர் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டவர் அவ்வச்சத்தின் போக்கிலேயே செல்லாமல், இரங்கவும் வினவவும் தன் இயலாமையை நாணாது கூறவும் வல்லவனாகத் தலைவனைப் படைத்தார் என்பதே அவர் பெருமை.

சாதுவனைத் தீவினர்க்கு நாகரிகம் கற்பித்த தமிழன் என்று மேடைகளில் போற்றுவது எளிது. அப்போற்றுதல் கதைக்கு எதிரானது. அவன் வெல்ல வரவில்லை, கற்பிக்கவும் வரவில்லை. மரத்துண்டைப் பற்றிக்கொண்டு வந்தான். அவர்கள் மொழியில் பேசினான். அவர்கள் கேட்ட பின்னரே அறம் கூறினான். 2018 நவம்பரில் அமெரிக்க இளைஞர் ஒருவர், சட்டத் தடையை மீறி, மொழியறியாத வடசென்டினல் தீவில் தம் சமயத்தைப் பரப்பச் சென்று உயிரிழந்தார். தீவின் தொல்குடிகளைக் காக்கும் ஒழுங்குவிதி 1956 முதல் நடைமுறையில் உள்ளது. தனித்திருக்க விரும்புவோரின் விருப்பத்தை மதிப்பதும் அவர்க்குப் பொருந்தும் அறத்துள் அடங்கும். சாதுவனின் பெயரால் எவரும் அக்கரைகளில் இறங்க உரிமை கொள்ள இயலாது.

நிறைவுரை

2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டபோது, அத்தீவுகள் சோழரின் கடற்படைத் தளமாக விளங்கியதாக அறிவிப்பில் நினைவூட்டப்பட்டது. தமிழர் பலர் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சியில் பிழை காண வேண்டுவதில்லை. ஆனால் வங்கக் கடலில் தமிழன் சென்ற வழிகளுள் இராசேந்திரனின் கலங்கள் சென்ற வழியை மட்டும் நினைவிற் கொண்டு, சாதுவன் பற்றிச் சென்ற முறிமரத்தை மறந்துவிடுவது தகாது. முன்னது கல்லில் உள்ளது; எவர் மறப்பினும் நிற்கும். பின்னது படிப்போர் மனத்தில் மட்டுமே உள்ளது.

சந்திரதத்தனின் கலத்தில் மீண்ட சாதுவன் வெறுங்கையனாய் வரவில்லை. முன்பு கலமுடைந்து மாண்டோரின் அகிலும் சந்தனமும் ஆடையும் பிற பொருள்களும் தலைவனால் அவனிடம் கொடுக்கப்பட்டிருந்தன. இறந்தோர் உடைமையைக் கொண்டுவந்தவன் அதனைச் சூதில் வைக்கவில்லை. ஆதிரையோடு வாழ்ந்து தானம் பல செய்தான். ஒரு காலத்தில் தன் பொருளையே காக்க அறியாதவன் பிறர் பொருளின் பொறுப்பை உணர்ந்தான். இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கடத்தற்கு அவனுக்கு வானூர்தியும் மந்திரமும் உதவவில்லை. பாடத்திட்டங்களில் இக்காதை இடம்பெறும் இடமெல்லாம் அத்தொலைவை அளக்க மாணவர்க்குக் கற்பிக்க வேண்டும். பாவை என்னும் சொல்லை அதன்பின் எவரேனும் எழுதட்டும். அவர்க்கு விடை கூறக் காதையே போதும்.